உயிர் பிழைத்தாயிற்று... அடுத்து?

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பாதை போட்டவர்களில் முன்னே நிற்பவர்கள், அதே அடியை வாங்கியவர்கள்!

1975 ஜனவரி 10, பெங்களூரு. கடற்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் சோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியிலிருந்து வந்திருக்கிறார் ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவர். உடல் திறன் சோதனையில் மேலிருந்து குதிக்க வேண்டிய கட்டம் வருகிறது. கீழே வந்து விழுந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. கையைத் தூக்கப் பார்க்கிறார், வரவில்லை. காலும் அப்படியே. கழுத்தெலும்பில் அடி. கடற்படை ஆசை அந்த மைதானத்தோடு முடிந்துபோனது.

புனே ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை தந்து, மனத்தையும் தேற்றியவர் டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன், 1981-ல் ஒரு கூரைக் கொட்டகையில் நாலைந்து மாற்றுத்திறனாளிக் குழந்தைகளை வைத்துப் பள்ளி தொடங்கினார். அது ஐ.நா. அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. டாக்டரின் பெயரிலிருந்து எடுத்து, தன் அமைப்புக்கு 'அமர் சேவா சங்கம்' என்று பெயர் வைத்தார். இன்று அது பள்ளி, பிசியோதெரபி, தண்டுவடக் காயத்துக்கான மறுவாழ்வுப் பிரிவு என்று விரிந்த பெரிய வளாகம். 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இந்த இடத்தில் நம் பத்திரிகைகள் வழக்கமாக 'தன்னம்பிக்கை நாயகர்' என்று தலைப்புப் போட்டு, படத்தைப் பெரிதாக வைத்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடும். நாம் வேறொன்றைப் பார்க்கலாம். ராமகிருஷ்ணனுக்கு விபத்து நடந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்று காலை பனை மரத்திலிருந்தோ, சாரத்திலிருந்தோ, பைக்கிலிருந்தோ விழுந்து கழுத்து முறிந்த ஒருவருக்கு அடுத்த ஆறு மாதத்தில் என்ன காத்திருக்கிறது?

காப்பாற்றுகிறோம், வீட்டுக்கு அனுப்புகிறோம்

முதல் சில நாட்களைப் பொறுத்தவரை நிலைமை நன்றாகவே முன்னேறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது 2008-ல். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அவர் எந்த ஊர், எந்த மாநிலம் என்று கேட்பதில்லை. கழுத்துக்கு காலர் போட்டு, பலகையில் கிடத்தி, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து முறிவைச் சரிசெய்யும் வேலை அரசு மெடிக்கல் காலேஜ்களிலும் நடக்கிறது. முன்பு வழியிலேயே இறந்திருக்கக் கூடியவர்கள் இன்று உயிரோடு வீடு திரும்புகிறார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் வீட்டார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எப்ப நடப்பாரு?" பெரும்பாலும் கிடைக்கும் பதில், "போகப் போகப் பார்ப்போம்". இந்தப் 'பார்ப்போம்' செய்கிற சேதம் கொஞ்சநஞ்சமல்ல. எண்ணெய்க் கட்டு, கேரள வைத்தியம், கோயில் கோயிலாக வேண்டுதல், கடைசியில் ஸ்டெம் செல் ஊசி என்று குடும்பம் அலையும். நிலத்தை விற்ற காசு அதில் கரையும். ரத்தம் தொடர்பான சில நோய்களைத் தவிர, ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாக ஐ.சி.எம்.ஆர். ஏற்கவில்லை. ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம். அதற்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. இந்த ஒரு தகவலை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தால் எத்தனையோ குடும்பங்களின் வயல் மிஞ்சும்.

நடக்கும் நாளுக்காகக் காத்திருக்கிற அந்த மாதங்களில்தான், உட்காரவும் புரளவும் சக்கர நாற்காலிக்கு மாறவும் கற்றுக்கொள்ள வேண்டிய நல்ல காலம் வீணாகிறது. படுத்தே கிடப்பவருக்குப் புண் வருகிறது. புண் வந்தால் உட்கார முடியாது. உட்காராவிட்டால் பயிற்சி கிடையாது. இந்தச் சுழலில் மாட்டியவரை மீட்பது, முதல் ஆபரேஷனைவிடக் கடினமான வேலை.

> பெட்டிச் செய்தி: எங்கே அடி, என்ன போகும்?
>
> தண்டுவடம் ஏறக்குறைய 45 செ.மீ. நீளம், சுண்டுவிரல் பருமன். மூளையிலிருந்து வரும் கட்டளையும் உடம்பிலிருந்து போகும் உணர்வும் இதன் வழியேதான் செல்கின்றன.
>
> கழுத்தில் அடிபட்டால் கை, கால் நான்கும் பாதிக்கப்படும். மிக மேலே அடிபட்டால் மூச்சுக்கே இயந்திரம் தேவைப்படலாம். மார்பு, இடுப்புப் பகுதியில் என்றால் கை தப்பிக்கும், கால்கள் பாதிக்கப்படும். எங்கே அடிபட்டாலும் சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு போவது பெரும்பாலும் உறுதி.
>
> மார்பு முதுகெலும்பில் ஆறாவதிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால்கூட ரத்த அழுத்தம் திடீரென எகிறும். தலை வலியில் வெடிக்கும், முகம் வியர்க்கும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, குழாயைப் பார்க்க வேண்டும். குறையாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
>
> உலகம் முழுவதும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் தண்டுவடப் பாதிப்போடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சுருங்கிய லுங்கி

முதல் உலகப் போர்க் காலத்தில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் சீக்கிரமே இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றது முறிந்த எலும்பு என்பதைவிட, படுக்கைப்புண்ணும் சிறுநீரகத் தொற்றும் என்பதுதான் சரி. 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டிவில்லில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன் என்ற டாக்டர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் போட வேண்டும் என்பதைச் சட்டமாக்கினார். ராத்திரி என்றும் பார்க்கவில்லை. 1948-ல் லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டியும் நடத்தினார். இன்றைய பாராலிம்பிக்ஸின் வேர் அதுதான்.

எண்பது வருடம் ஆகியும் விதி மாறவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டல், நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் விட்டுச் சிறுநீரை எடுத்தல். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால், உணர்வில்லாத உடம்போடு ஒரு நாளைக் கடத்துவது, உடம்புக்குப் பதிலாக மூளையை எந்நேரமும் காவலுக்கு நிறுத்துகிற வேலை. உட்கார்ந்த இடத்தில் லுங்கி சுருங்கி மடிந்திருந்தால் நமக்கு உறுத்தும், தானாக நகர்ந்துகொள்வோம். அவருக்கு உறுத்தாது. சாயங்காலத்துக்குள் அந்த மடிப்பு தோலில் சிவப்புக் கோடாகும். நாலு நாளில் குழியாகும். பின் பாக்கெட்டில் பர்ஸ், பேன்ட்டின் தடித்த தையல், படுக்கையில் கிடந்த பேனா மூடி எல்லாமே புண்ணுக்கு விதைதான். டீ டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியை உருட்டுவார். கொப்பளம் போட்ட பிறகுதான் சுட்டதே தெரியும்.

அனுபவசாலிகள் இதற்கெல்லாம் வழி வைத்திருக்கிறார்கள். கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் உள்ளங்கையால் அழுத்தி, உடம்பை சீட்டிலிருந்து தூக்கிப் பிடிப்பார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். பார்ப்பவர்களுக்கு ஏதோ அசைந்து உட்கார்கிறார் என்று தோன்றும். கை வராதவர்கள் பக்கவாட்டில் சாய்ந்து பளுவை மாற்றுவார்கள். இரவு படுக்குமுன் கண்ணாடியைப் பின்னால் பிடித்து முதுகையும் பின்புறத்தையும் பார்த்துக்கொள்வது, பல் தேய்ப்பதைப்போல் ஒரு வழக்கம்.

இதையெல்லாம் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் சொல்லலாம். செய்து காட்ட, அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் வேண்டும்.

வேலூரில் ஓர் ஆபரேஷன் தியேட்டர்

அப்படி ஒருவர் வேலூரில் இருந்தார். கொச்சியில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூர் சி.எம்.சி.யில் படித்து மகப்பேறு மருத்துவத்தில் இறங்கும் எண்ணத்தோடு இருந்தவர். 1954 ஜனவரி 30 அன்று இளம் டாக்டர்கள் சேர்ந்து வெளியே போன வண்டி விபத்துக்குள்ளானது. முகத்தில் பலத்த காயம். இடுப்புக்குக் கீழே எதுவும் இயங்கவில்லை.

தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைக்குப் பேர்போன டாக்டர் பால் பிராண்ட் அப்போது அங்கே இருந்தார். கை ஆபரேஷனுக்கு சர்ஜன் நிற்க வேண்டிய அவசியமில்லை, உட்கார்ந்தே செய்யலாம். இந்தச் சின்ன உண்மை மேரி வர்கீஸின் வாழ்க்கையைத் திருப்பியது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்யத் தொடங்கினார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போய், பிறர் உதவியின்றி வாழ்வதற்கான பயிற்சியை நோயாளியாகப் பெற்றார். அடுத்து நியூயார்க்கில், ஹோவர்ட் ரஸ்க் நடத்திவந்த மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்தில் மருத்துவராகப் பயின்றார்.

1963-ல் திரும்பிவந்து சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைமைப் பொறுப்பேற்றார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. நோயாளி உள்ளேயே தங்கிப் பயிற்சி பெறும் மையங்களில் நாட்டின் முதல் மையம் அதுதான். 1972-ல் பத்மஸ்ரீ பெற்றவர், 1986-ல் காலமானார்.

அவருக்கு ஒரு பெரிய மருத்துவமனையும் வெளிநாட்டுப் படிப்பும் கைகொடுத்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் அது வாய்க்காது. ஆனால், அங்கே வேரூன்றிய ஒரு வழக்கம் இன்றும் நடக்கிறது. 'ரீஹேப் மேளா' என்ற பெயரில் பழைய நோயாளிகள் கூடுகிறார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, புண் உண்டா என்று பரிசோதனை நடக்கும். கூடவே விளையாட்டு, பாட்டு. புதிதாக அடிபட்டுப் படுக்கையில் இருப்பவர், பல வருடங்களாக நாற்காலியில் இருந்துகொண்டே கடை நடத்துபவரையும் பிள்ளை வளர்ப்பவரையும் நேரில் பார்க்கிறார். நூறு ஆலோசனை வகுப்புகள் செய்யாததை அந்தச் சந்திப்பு செய்யும்.

> பெட்டிச் செய்தி: விபத்து நடந்த இடத்தில்...
>
> நல்ல மனசோடு நாம் செய்யும் உதவியே தண்டுவடத்தை அறுத்துவிடலாம். விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்காதீர்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். பைக்கில் நடுவில் வைத்தோ, ஆட்டோவில் மடக்கிப் படுக்கவைத்தோ கொண்டுபோகாதீர்கள். ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள்.
>
> 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். தீ, வாகனங்கள் போன்ற ஆபத்து இருந்து நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், நான்கைந்து பேர் சேர்ந்து தலை, முதுகு, இடுப்பு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பலகையில் ஏற்றுங்கள். மரம், கிணறு, மாடி எங்கிருந்து விழுந்தாலும் இதேதான்.

'அம்மாவுக்குப் பிறகு?'

பிரீத்தி சீனிவாசன், 19 வயதுக்குட்பட்டோருக்கான தமிழ்நாடு மகளிர் கிரிக்கெட் அணியின் கேப்டனாக இருந்தவர். நீச்சலிலும் மாநில அளவில் பெயர் வாங்கியவர். 1998-ல் புதுச்சேரிக் கடலில் தோழிகளோடு விளையாடும்போது, திரும்பிப் போன அலை காலடி மணலை இழுத்தது. தடுமாறித் தண்ணீரில் பாய்ந்தவருக்கு உடம்பு அப்படியே உறைந்துபோனது. கழுத்துக்குக் கீழே செயலிழப்பு. அப்போது வயது 18.

பெற்றோர் அவரைத் தாங்கினார்கள். 2007-ல் அப்பா காலமானார். அம்மாவின் உடல்நிலையும் ஆட்டம் கண்டபோது, 'அம்மாவுக்குப் பிறகு யார்?' என்ற கேள்வி வந்தது. தன்னைப்போன்ற பெண்களைக் காலம் முழுக்கப் பராமரிக்க எந்த இடம் இருக்கிறது என்று தேடியவருக்குக் கிடைத்தது ஏமாற்றம்தான். 2013-ல் திருவண்ணாமலையில் 'சோல்ஃப்ரீ' அறக்கட்டளை பிறந்தது. வசதியில்லாத தண்டுவடப் பாதிப்பாளர்களுக்கு மாத உதவித்தொகை, உபகரணங்கள் என்று தொடங்கி, மறுவாழ்வு மையம் வரை அது வளர்ந்திருக்கிறது.

இந்தக் கேள்வி அவர் வீட்டோடு நிற்பதில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுவது பெரும்பாலும் ஓர் அம்மா அல்லது மனைவி. வேலையை விட்டது அவர், இடுப்பு வலி வாங்கியது அவர், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகாமல் நின்றதும் அவர். அடிபட்டது பெண்ணாக இருந்தால் கவனிக்க ஆள் அமைவது இன்னும் கடினம். அரசின் கணக்கில் இந்த உழைப்புக்கு ஒரு வரி இடம்கூடக் கிடையாது.

அடிபட்டவர்களே வழி தேடிக்கொள்வது கடல் தாண்டியும் நடக்கிறது. இலங்கையின் வடக்கில், போரில் முள்ளந்தண்டு அடிபட்டவர்களே சேர்ந்து மாங்குளத்தில் 'உயிரிழை' என்ற அமைப்பை நடத்துகிறார்கள்.

36 பேருக்குச் சம்பளம்

ஆய்க்குடி, வேலூர், திருவண்ணாமலை மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பெருமைப்படத் தோன்றும். கொஞ்சம் வெட்கப்படவும் வேண்டும். அடிபட்டவர்களே கொட்டகை போட்டு, நன்கொடை திரட்டி, தங்களுக்கான மருத்துவத்தைத் தாங்களே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சென்னை கே.கே. நகரில் அரசின் மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. ராமநாதபுரத்தில் படுத்திருப்பவர் அங்கே எப்படி வருவார்? யார் துணைக்கு வருவார்கள்? அவர்களின் அன்றாடக் கூலிக்கு என்ன வழி?

மாநிலத்தில் 36 அரசு மெடிக்கல் காலேஜ்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும், சில ஆண்டுகளாவது சக்கர நாற்காலியில் வாழ்ந்து பழகிய ஒருவரைச் சம்பளத்தோடு வேலைக்கு வைக்கலாம். புதிதாக அடிபட்டு வருபவரின் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்வதும், கதீட்டர் விடும் முறையையும் நாற்காலிக்கு மாறும் முறையையும் வீட்டாருக்குச் செய்து காட்டுவதும், டிஸ்சார்ஜ் ஆன பிறகு போனில் விசாரிப்பதும்தான் அவர் வேலை. எச்.ஐ.வி. கூட்டுமருந்து மையங்களில், தொற்றோடு வாழ்பவர்களையே ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு எடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. அங்கே செய்தது எலும்பு வார்டில் ஏன் முடியாது? 36 பேரின் சம்பளம் சுகாதாரத் துறை பட்ஜெட்டில் கண்ணுக்கே தெரியாது.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் வீட்டு வாசலுக்கு பிசியோதெரபியைக் கொண்டுபோகிறது. உலக வங்கி உதவியோடு நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' சேவை மையங்கள் வருகின்றன. நல்ல தொடக்கம்தான். இந்தச் சேவைகளோடு வீடு தேடி வருபவர்களில் ஒருவராவது நாற்காலியில் இருப்பவராக இருக்கட்டும்.

இரண்டரை அடிக் கதவு

எல்லாப் பயிற்சியும் முடித்து வீட்டுக்கு வந்தால் குளியலறைக் கதவு மறிக்கும். நம் வீடுகளில் அது இரண்டரை அடிதான். சக்கர நாற்காலி தாராளமாக நுழைய மூன்று அடி வேண்டும். சாய்தளம் என்றால், ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் விட வேண்டும் என்பது கணக்கு. அரசு அலுவலகங்களிலேயே பல சாய்தளங்கள் சறுக்குமரம் மாதிரி இருக்கின்றன. கட்டியவர் ஒருமுறையாவது அதில் நாற்காலியை உருட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சென்னை மெரினாவில் அலை வரை போக நிரந்தர மரப்பாதை 2022 நவம்பர் 27-ல் திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம். முதல்முறையாகக் கடலைத் தொட்டவர்களின் படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது. பிறகு சரிசெய்தார்கள். சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் வந்ததற்குப் பின்னால், மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர்கள் உயர் நீதிமன்றத்தில் நடத்திய நீண்ட போராட்டம் இருக்கிறது. மாவட்டங்களில் ஓடும் டவுன் பஸ்ஸின் படி இன்னும் முழங்கால் உயரத்தில்தான் நிற்கிறது.

> பெட்டிச் செய்தி: விட்டுவிடாதீர்கள்!
>
> மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாமல் எதுவும் நகராது. ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். தண்டுவடம் பாதித்தவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, பேட்டரி சக்கர நாற்காலி ஆகியவற்றுக்கும் அங்கேதான் மனு.
>
> பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை அரசு நிறுவனங்கள் வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு. வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் தற்காலிகமாகக் கூடுதல் பணியிடம் உருவாக்க வேண்டும். 'விருப்ப ஓய்வு' தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.
>
> சாலை விபத்து என்றால் இழப்பீட்டு வழக்கை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். சான்றிதழில் இருக்கும் ஊன சதவீதத்தை மட்டும் பார்க்காமல், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் ராஜ்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உதவியாளர் செலவையும் கேளுங்கள்.

கணக்கில் வராதவர்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். அதில் தண்டுவடம் அடிபட்டவர்கள் எத்தனை பேர் என்று தனியாக எழுதப்படவில்லை. 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அங்கும் இதற்குத் தனிப் பெயர் இல்லை. 'இயக்கக் குறைபாடு' என்ற பெரிய தலைப்புக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு கால் சற்றே சூம்பியவரும், கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவரும் ஒரே கட்டத்தில். எண்ணிக்கை தெரியாமல் எத்தனை கதீட்டர், எத்தனை மெத்தை, எத்தனை பிசியோ வேண்டும் என்று யார் திட்டமிடுவது?

எண்ணுவதை ஊரிலிருந்தே தொடங்கலாம். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க, தமிழ்நாடு சட்டமன்றம் 2025-ல் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. அந்த நாற்காலியில் உட்கார்பவர்கள் முதல் வேலையாக எடுக்க வேண்டிய கணக்கு இது. உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்து வரும் கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்: "தண்டுவடம் அடிபட்டு நம்ம ஊர்ல வீட்டுக்குள்ளேயே இருக்குறவங்க எத்தனை பேரு? அவங்க வீட்டுக்கு யாராவது போறாங்களா?" பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.